முறுக்கியாச்சா? – பழைய 120 கேமராவைக் கையாள்வது பற்றி

(நம் சங்கத்தின் ஜூன் மாதக் கூட்டத்தில், கீழ்த்தளப் பொது அறையில் பேசியது. அன்று வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் எழுதித் தந்திருக்கிறேன்.)



தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட் பராமரிப்பு, மெயின்டனன்ஸ் பாக்கி எல்லாம் பேசி முடித்த பிறகு எனக்கு அரை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். முப்பத்தாறு வருடம் வங்கியில் கிளார்க்காக உட்கார்ந்தவன் நான். படித்தது பி.காம். மேடைப் பேச்சு பழக்கமில்லை. ஆனால் கையில் இந்தப் பெட்டி இருந்தால் கொஞ்சம் தைரியம் வரும்.

போன பொங்கலுக்கு பரண் சுத்தம் செய்தபோது நம் குடியிருப்பில் மூன்று வீடுகளில் பழைய கேமரா கிடைத்தது. மூன்றையும் என்னிடம்தான் கொண்டுவந்தார்கள். இரண்டு, அந்தக் காலத்தில் பாதி வீடுகளில் இருந்த அக்ஃபா கிளிக் மூன்று. அதில் வெயில், மேகம் என்று படம் போட்ட குறி இருக்கும், அதைத் தள்ளிவிட்டு அமுக்கினால் சரி. மூன்றாவது யாஷிகா டி. என்னிடம் இருப்பதும் அதேதான். 'அங்கிள், இதில் இத்தனை திருகு இருக்கிறதே, எதை எப்போது திருகுவது?' என்று அந்த வீட்டுப் பையன் கேட்டான். இன்றைய பேச்சு அவனுக்குச் சொல்லும் பதில்தான். நீங்களும் கேளுங்கள்.

என் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கும் படத்தைப் பற்றியும் சொல்லப்போகிறேன். வந்தவர்களில் பாதிப் பேர் 'இதென்ன சார், அம்மா மேல் புகை?' என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ஒவ்வொரு தடவையும் பேச்சை மாற்றியிருக்கிறேன்.

முதலில் பெட்டி. மேலும் கீழுமாக இரண்டு லென்ஸ். மேல் லென்ஸ் நாம் பார்க்க, கீழ் லென்ஸ் பிலிம் பார்க்க. மேல் மூடியைத் திறந்து குனிந்து பார்த்தால் கண்ணாடித் திரையில் காட்சி தெரியும். நேராகத் தெரியும், ஆனால் இடம் வலம் மாறித் தெரியும். ஆள் இடப்பக்கம் நகர்ந்தால் திரையில் வலப்பக்கம் போவார். முதல் நாள் எல்லோருக்கும் தலை சுற்றும், நாலாவது நாள் பழகிவிடும். இதில் ஒரு சௌகரியமும் உண்டு. கேமரா வயிற்றுக்கு நேராக இருக்கும், நம் முகம் மறைக்கப்படாது. எதிரில் நிற்பவர் நம் கண்ணைப் பார்த்துப் பேசலாம். கூச்சப்படுகிறவர்களைப் படம் எடுக்க இதைவிட நல்ல ஏற்பாடு நான் பார்த்ததில்லை. நாட்டின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் என்று சொல்லப்படும் ஹோமாய் வியாரவாலாவும் இந்த மாதிரி இரட்டை லென்ஸ் ரோலிஃப்ளெக்ஸ் வைத்திருந்தார். நம் பக்கத்து ஸ்டுடியோக்காரர்களுக்கு ரோலி எட்டாத விலை. அவர்கள் யாஷிகாவை வைத்துக் கல்யாணம் கல்யாணமாக எடுத்தார்கள்.

இதில் போடுவது 120 ரோல். கோடாக் கம்பெனி 1901-ல் கொண்டுவந்த அளவு, இன்றும் அதே அளவில் வருகிறது. ஒரு ரோலில் 12 படம், சதுரமாக. ஒவ்வொரு நெகட்டிவும் 56 மில்லிமீட்டருக்கு 56. நாம் பின்னாளில் வாங்கிய 35 எம்.எம். கேமராவின் நெகட்டிவ் 24-க்கு 36. பெருக்கிப் பாருங்கள், மூன்றரை மடங்குக்கு மேல் பெரியது. பெரிய பிரிண்ட் போட்டாலும் முகம் தெளிவாக நிற்பதற்கு அதுதான் காரணம்.

இந்த யாஷிகா என்னுடைய தாய்மாமாவுடையது. பரமத்தி வேலூரில் ஸ்டுடியோ வைத்திருந்தார். எங்கள் ஊர் ஜேடர்பாளையம். காவிரியில் அணைக்கட்டும், பக்கத்தில் பூங்காவும், அங்கிருந்து பிரியும் ராஜ வாய்க்காலும் உங்களில் பலருக்கு ஞாயிற்றுக்கிழமை மீன் சாப்பிடப் போன இடமாகத் தெரிந்திருக்கும். எங்களுக்கு அது கரும்பும் வெல்லமும். ஊரைச் சுற்றி ஆலைக் கொட்டாய்கள், சந்தைக்குப் பிலிக்கல்பாளையம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் லீவுக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் மாமா இந்தக் கேமராவை இரவல் தருவார். ரோல் மட்டும் நான் வாங்க வேண்டும். ஊட்டியில் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஓடிக்கொண்டிருந்த காலம். அவர்களுடைய இந்து ரோல் கிடைக்கும், இல்லாவிட்டால் கிழக்கு ஜெர்மனி ஆர்வோ. 1960-ல் அரசு தொடங்கிய அந்தத் தொழிற்சாலை இன்று மூடிக் கிடக்கிறது. ஊட்டிக்குப் போகும்போது இந்து நகர் என்ற பெயர்ப் பலகையைப் பார்த்தால் எனக்கு மட்டும் கொஞ்சம் வலிக்கும்.

சரி, திருகுகளுக்கு வருவோம். லென்ஸ்களுக்குப் பக்கத்தில் இரண்டு சிறு சக்கரங்கள். ஒன்று அப்பர்ச்சர், ஒன்று ஷட்டர் வேகம். எண்கள் மேல் லென்ஸுக்கு மேலே உள்ள சிறு ஜன்னலில் தெரியும். குனிந்து பார்க்கிற நிலையிலேயே படித்துக்கொள்ளலாம்.

அப்பர்ச்சர் என்பது மதகு. மதகை அகலத் திறந்தால் தண்ணீர் அதிகம், குறுக்கினால் குறைவு. ஆனால் எண் தலைகீழ். 3.5 என்றால் முழுத் திறப்பு, 22 என்றால் ஊசித் துவாரம். ஷட்டர் வேகம் என்பது மதகு எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பது. 125 என்றால் ஒரு விநாடியில் நூற்றிருபத்தைந்தில் ஒரு பங்கு. பிலிமுக்குத் தேவை ஒரு குடம் தண்ணீர். அகலத் திறந்து சீக்கிரம் மூடினாலும், குறுகலாகத் திறந்து மெதுவாக மூடினாலும் குடம் ஒரே அளவு நிறையும். 125-ல் எஃப் 8 வைத்தாலும், 60-ல் எஃப் 11 வைத்தாலும், 250-ல் எஃப் 5.6 வைத்தாலும் வெளிச்சக் கணக்கு ஒன்றுதான். ஒரு பக்கம் ஒரு படி ஏற்றினால் மறுபக்கம் ஒரு படி இறக்க வேண்டும். டெபிட், கிரெடிட் தெரிந்த எவருக்கும் இது கஷ்டமே இல்லை.

யாஷிகா டி-யில் வெளிச்சம் அளக்கும் மீட்டர் கிடையாது. மாமா கற்றுத்தந்த கணக்கு இது. வெயில் சுள்ளென்று அடித்து நிழல் கறுப்பாக விழுந்தால் எஃப் 16 வை. ஷட்டரைப் பிலிம் பெட்டியில் போட்டிருக்கும் எண்ணுக்குப் பக்கத்தில் வை. 100 அல்லது 125 பிலிம் என்றால் 125. மெல்லிய மேகம், நிழல் மங்கலாக விழுகிறது என்றால் 11. நிழலே விழவில்லை என்றால் 8. மரத்தடி என்றால் 5.6, அடர்ந்த மரமென்றால் 4. இதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்வார்: 'மாப்ள, சந்தேகம் வந்தா ஒரு படி தாராளமா குடு. நெகட்டிவ் மன்னிக்கும், கஞ்சத்தனத்தை மட்டும் மன்னிக்காது.' நெகட்டிவ் பிலிமுக்கு இது முழு உண்மை. டிஜிட்டலுக்கு அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், அங்கே வெள்ளை வெளுத்தால் போனது போனதுதான்.

குடம் ஒரே அளவு என்றால் எந்த ஜோடியை வைத்தால் என்ன என்று கேட்கலாம். இங்கேதான் நாம் முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. பதினைந்து அடி தூரத்தில் நிற்கும் ஆளுக்கு ஃபோகஸ் வைத்து எஃப் 11 போட்டால், ஏறக்குறைய 11 அடியிலிருந்து 24 அடி வரை தெளிவாக வரும். இரண்டு வரிசையாக நிற்கும் குடும்பத்துக்கு அதுதான் வேண்டும். அதையே 3.5-க்குத் திறந்தால் 13 அடிக்கும் 17 அடிக்கும் இடையில் இருப்பது மட்டும்தான் தெளிவு. தனியாக ஒருவர், பின்னால் பார்க்க லாயக்கில்லாத குப்பைத் தொட்டி என்றால் அப்போது இது நல்லது. ஷட்டர் பக்கம் பார்த்தால், கையில் பிடித்து எடுக்கும்போது 60-க்குக் கீழே போகாதீர்கள். கழுத்துப் பட்டையை விறைப்பாக இழுத்து, மூச்சை விட்டுவிட்டு அமுக்கினால் 30 வரை சமாளிக்கலாம். அதற்குக் கீழே ஸ்டாண்ட் வேண்டும்.

ஃபோகஸுக்குப் பக்கவாட்டில் பெரிய குமிழ். மூடிக்குள் ஒரு சின்ன பூதக்கண்ணாடி மடங்கியிருக்கும், அதை நிமிர்த்திக் கண்ணை ஒட்டி வைத்துப் பாருங்கள். கண்ணிமை தெளிவாகும் வரை திருப்புங்கள். அறுபது தாண்டியவர்கள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு 'கேமரா கெட்டுவிட்டது' என்று சொல்ல வேண்டாம். நான் சொல்லியிருக்கிறேன்.

இன்னொன்று. மேல் லென்ஸ் பார்ப்பது கீழ் லென்ஸ் பார்ப்பதைவிடக் கொஞ்சம் உயரத்திலிருந்து. தூரத்தில் வித்தியாசம் தெரியாது. நாலைந்து அடிக்குள் வந்துவிட்டால் தலைக்கு மேல் கொஞ்சம் கூடுதலாக இடம் விடுங்கள். எங்கள் சித்தப்பா நெற்றி இல்லாமல் ஒரு படத்தில் இருக்கிறார்.

இப்போது முக்கியமான இடம். புதிய கேமராக்களில் பிலிமை நகர்த்தினால் ஷட்டரும் தானாகத் தயாராகிவிடும். யாஷிகா டி-யில் அப்படி இல்லை, இரண்டும் தனித்தனி வேலை. பிலிமை நகர்த்த, முறுக்கும் குமிழின் நடுவிலுள்ள பொத்தானை அமுக்கிவிட்டுத் தானே நிற்கும் வரை முறுக்க வேண்டும். ஷட்டரை ஏற்ற, கீழ் லென்ஸின் ஓரத்தில் உள்ள நெம்பைத் தள்ள வேண்டும். பிறகு முன்பக்கப் பொத்தானை அமுக்க வேண்டும். ஒன்று நடந்ததா என்று இன்னொன்றுக்குத் தெரியாது. பிலிமை முறுக்காமலே ஷட்டரை இரண்டு தடவை ஏற்றி இரண்டு தடவை அமுக்கலாம். ஒரே நெகட்டிவில் இரண்டு காட்சி விழும். கணக்குப் படிப்பில் இரட்டைப் பதிவு முறை என்று சொல்லிக்கொடுத்தார்கள். அது புத்தகத்தைக் காப்பாற்றும். இந்த இரட்டைப் பதிவு வேறு ரகம்.

1984 ஆடிப் பதினெட்டு. அக்காவுக்குக் கல்யாணமாகி முதல் ஆடி, ஊருக்கு வந்திருந்தாள். எங்கள் அம்மா அதுவரை ஒரு படத்துக்கும் நின்றதில்லை. படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று ஒரு நம்பிக்கை, அதைவிடக் கூச்சம். அக்கா கல்யாணத்திலேயே மாமா எடுத்த படங்களில் அம்மாவின் முதுகும் முந்தானையும்தான் இருக்கின்றன. அன்றைக்கு என்ன தோன்றியதோ, அணைக்கட்டுப் பக்கம் முளைப்பாரி விட்டுவிட்டு வந்து, 'அக்காவோட சேத்தி ஒண்ணு, என்னய மட்டும் ஒண்ணு புடி சாமி' என்று அவளாகவே கேட்டாள்.

நான் வங்கிக்காரன் அல்லவா, எடுக்கும் ஒவ்வொரு படத்தையும் சிறு நோட்டில் எழுதுவேன். வரிசை எண், இடம், அப்பர்ச்சர், வேகம். அன்று காலை பக்கத்துத் தோட்டத்து ஆலைக் கொட்டாயில் கொப்பரையில் பாகு கொதிப்பதை எடுத்தேன். இருட்டுக் கொட்டாய், 3.5-ல் 30. எடுத்து முடித்ததும் தோட்டக்காரர் ஒரு டம்ளர் கரும்புப்பால் கொடுத்தார். மூடியைச் சாத்திவிட்டுக் குடித்தேன். அங்கிருந்து ஆற்றுக்கு. அம்மா பூவரச மரத்தடியில் நின்றாள். 5.6-ல் 125. ஃபோகஸ் பார்த்தேன், ஷட்டரை ஏற்றினேன், அமுக்கினேன், நோட்டில் எழுதினேன். அடுத்து அக்காவோடு சேர்த்து ஒன்று எடுக்கலாம் என்றால், அக்காவைக் காதோலை கருகமணி வாங்கக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அவர்கள் திரும்பி வருவதற்குள் அம்மாவுக்கு மனது மாறிவிட்டது. மீதி ரோலை ஆற்றிலும் கூட்டத்திலும் முடித்தேன்.

சாயந்திரம் வேலூர் பஸ்ஸில் நோட்டைப் புரட்டினேன். பதிமூன்று பதிவுகள் இருந்தன. ரோலில் பன்னிரண்டு படம்தான்.

வங்கியில் இருந்தவர்களுக்குத் தெரியும், சாயந்திரம் ஒரு ரூபாய் டேலி ஆகாவிட்டால் வயிற்றில் என்ன நடக்கும் என்று. எங்கோ ஒரு தடவை முறுக்கவில்லை. எந்த இரண்டு என்று நோட்டு சொல்லாது. பதிமூன்று வரிகளையும் மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டே போனேன். பஸ் வேலூர் வருவதற்குள் கரும்புப்பால் டம்ளர் ஞாபகம் வந்துவிட்டது.

மாமா அன்று இரவே கழுவினார். நெகட்டிவைச் சிவப்பு விளக்கில் அவர் பெரிதாக்கிப் போட்ட தாள் ரசாயனத்தில் ஊறி எழும்புவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். கொட்டாயின் இருட்டு இருந்த இடமெல்லாம் அம்மா தெரிந்தாள். ஆவியும் அடுப்பு வெளிச்சமும் இருந்த இடத்தில் அம்மா இல்லை. கொப்பரையின் விளிம்பு இடுப்புக்குக் குறுக்கே போகிறது. ஆவி தோளிலிருந்து எழும்பி வலது கன்னத்தைப் பாதி தின்றிருக்கிறது. கண் இரண்டும் தப்பித்தன. மாமா என்னைத் திட்டவில்லை. 'அமுக்கினா முறுக்கு. அப்பறந்தான் கரும்புப்பால்' என்றார். தாளைக் கழுவிக் கிளிப்பில் மாட்டினார்.

அம்மா அடுத்த மாசியில் இறந்துபோனாள். வேறு படம் இல்லை. பதினாறாம் நாள் காரியத்துக்கு வைக்க இதையே கொஞ்சம் வெட்டி மாமா பிரேம் போட்டுத் தந்தார். வந்தவர்கள் ஊதுபத்திப் புகை என்று நினைத்துக்கொண்டார்கள். நீங்களும் அப்படித்தான் நினைத்தீர்கள். கொப்பரையில் வெல்லப் பாகு கொதித்த ஆவி அது. மாமா ஸ்டுடியோவை மூடியபோது கேமராவை எனக்கே கொடுத்துவிட்டார்.

ஆகவே உங்கள் கையில் இந்த ரகக் கேமரா இருந்தால், ஒரே ஒரு பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். அமுக்கியவுடன் முறுக்கிவிடுங்கள். ஷட்டரை மட்டும் எடுப்பதற்கு முன்புதான் ஏற்ற வேண்டும். ஏற்றியபடியே அலமாரியில் வைத்தால் ஸ்பிரிங் தளர்ந்துபோகும். 500 வேகம் வேண்டுமென்றால் ஏற்றும் முன்பே வைத்துவிடுங்கள், ஏற்றிய பிறகு அந்தச் சக்கரத்தை 500-க்குத் தள்ளாதீர்கள். தானாக எடுக்கும் டைமர் நெம்பு ஒன்றும் இருக்கும். நாற்பது ஐம்பது வருடக் கேமராவில் அதைத் தொடாமல் இருப்பது நல்லது. பாதியில் சிக்கினால் ஷட்டர் முழுதும் சிக்கிவிடும்.

பரணிலிருந்து எடுத்ததும் ரோல் போடாதீர்கள். முதலில் பின்கதவைத் திறந்து, ஒரு விநாடி வேகத்தில் வைத்து, பின்னாலிருந்து லென்ஸ் வழியே வெளிச்சத்தைப் பாருங்கள். ஷட்டர் திறந்து, கரகரவென்று ஓடி, மூட வேண்டும். திறந்தபடியே நின்றால் எண்ணெய் காய்ந்துவிட்டது, பழுது பார்ப்பவரிடம்தான் போக வேண்டும். லென்ஸுக்குள் சிலந்தி வலை போலத் தெரிந்தால் அது பூஞ்சை. துணி அலமாரியும் பரணும் அதற்குச் சொர்க்கம். காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். கதவு ஓரத்தில் கறுப்பு ஸ்பாஞ்ச் தார் மாதிரி ஒட்டினால் அதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக ஒட்ட வேண்டும், இல்லாவிட்டால் வெளிச்சம் கசிந்து படத்தில் கோடு விழும்.

ரோல் போடுவதும் எடுப்பதும் நிழலில். காகிதத்தில் உள்ள அம்புக்குறி உள்ளே இருக்கும் குறிக்கு நேராக வரும் வரை முறுக்கிவிட்டுக் கதவைச் சாத்துங்கள். பிறகு ஒன்று வந்து தானே நிற்கும். பன்னிரண்டு முடிந்ததும் இழுவை விட்டுப்போகும் வரை முறுக்கி, எடுத்து, நுனியில் உள்ள ஒட்டுக் காகிதத்தை நனைத்துச் சுற்றி ஒட்டிவிடுங்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஆடிப் பெருக்குக் கூட்டம் ஓய்ந்த பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை, சங்கத்தின் சார்பில் ஜேடர்பாளையத்துக்கு வேன் போகிறது. நம்மில் எழுபது வயதைத் தாண்டியவர்கள் ஒன்பது பேர். ஒவ்வொருவருக்கும் இந்தக் கேமராவில் ஒரு படம் எடுத்துப் பிரிண்ட் போட்டுத் தரலாம் என்று செயலாளரிடம் சொன்னேன், ஒத்துக்கொண்டார். இல்ஃபோர்டு எஃப்.பி.4, 125 வேகம், ஒரே ரோல். விலை இப்போது பழைய காலம் மாதிரி இல்லை, அதனால் இன்னொன்று கேட்காதீர்கள். ஒன்பது போக மூன்று மிச்சம். அதைக் கண் மூடிக்கொண்டவர்களுக்கு வைத்திருக்கிறேன். கழுவ வெளியூருக்கு அனுப்ப வேண்டும், கையில் வர மூன்று வாரமாவது ஆகும். மறுநாளே வாட்ஸ்அப்பில் எதிர்பார்க்க வேண்டாம்.

இரண்டாம் மாடி அம்மா ஒருவர், 'எனக்கு வேண்டாம் தம்பி, இந்த வயசில் என்ன படம்' என்று சொல்லியிருக்கிறார். அவரையும் சேர்த்துத்தான் ஒன்பது எண்ணியிருக்கிறேன். வேனுக்கு மட்டுமாவது வரட்டும், மரத்தடியில் உட்காரட்டும். கேமரா என் வயிற்றில்தான் இருக்கும், முகத்துக்கு நேராக வராது.

பெயர் கொடுக்க வேண்டியவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் வாட்ச்மேன் அறையில் உள்ள நோட்டில் எழுதுங்கள். காலை ஏழு மணிக்கு வேன் கிளம்பும், பத்து மணிக்கு மேல் வெயில் முகத்தில் குழி விழ வைக்கும். வெள்ளை வெளேர் என்ற உடை வேண்டாம், வெளிர் நிறம் போதும். எனக்கு ஞாபக மறதி வந்துகொண்டிருக்கிறது என்பதால், கேமரா கொண்டுவந்து கேள்வி கேட்ட அந்தப் பையனை உதவிக்குச் சேர்த்திருக்கிறேன். நோட்டு அவன் கையில் இருக்கும். நான் ஒவ்வொரு முறை அமுக்கியதும் அவன் பக்கத்தில் நின்று சத்தமாகக் கேட்க வேண்டும்: 'அங்கிள், முறுக்கியாச்சா?' நான் 'ஆச்சு' என்று சொன்ன பிறகுதான் அவன் அடுத்த வரியை எழுதுவான்.